டி.சி. என்றால் பள்ளிக்கூட டி.சி. இல்லை, லாத்தா

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்கிற ஊர்ப் பக்கம் ஜெராக்ஸ் எடுப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது என்று சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். ஒரு நாள் காலையில் லாத்தா (முஸ்லிம் வீட்டு அக்காமாரை எங்கள் பக்கம் இப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர் மருமகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். ஏழாவது படிக்கிற பேரனுக்கு டி.சி. வாங்க வேண்டும், தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் அடித்துக் கொடு என்றார். நடு வருஷத்தில் எதற்கு டி.சி. என்று கேட்டேன். "எனக்கு என்னம்மா தெரியும், தோஹாவுல இருந்து மகன் மூணு நாளா டி.சி., டி.சி.ன்னு அனுப்பிக்கிட்டே இருக்கான்" என்று போனை நீட்டினார்.

பார்த்தால், ஒவ்வொரு செய்திக்கும் கடைசியில் அந்த இரண்டு எழுத்து. 'டேக் கேர்', அதாவது 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்பதை இங்கிலீஷில் சுருக்கி அனுப்பியிருக்கிறான் பையன். மருமகள் சிரித்தாள். லாத்தா சிரிக்கவில்லை. போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, "கடிதம் வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்த முகம் மனதை விட்டுப் போகவில்லை. ஞாயிறு சாயங்காலம் கடையிலேயே பாய் விரித்து ஏழெட்டுப் பெண்களுக்குப் போன் எழுத்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

இதைக் கேட்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "தமிழையே எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களுக்கு இந்தக் கண்றாவி எதற்கு? ஓ.டி.பி. சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்தால் போதாதா?" போதாது. ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில், சுருக்கி எழுதுவது நம் ஊருக்குப் புதிதில்லை. பழைய பத்திரங்களில் வருஷத்துக்கு ௵, மாசத்துக்கு ௴, தேதிக்கு ௳ என்று ஒற்றைச் சுழியில் முடித்திருப்பார்கள். மேற்படி என்பதற்கு ௸ போட்டதைத்தான் பிற்பாடு 'ஷை' என்று படிக்கப் பழகினோம். த/பெ, க/பெ போடாத விண்ணப்பம் உண்டா? கடிதத்தின் தலையில் ஒரு வீட்டில் பிள்ளையார் சுழி, ஒரு வீட்டில் 786, ஒரு வீட்டில் சிலுவை. பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு என்றால் அகராதியைத் தேடி யாரும் ஓடுவதில்லை, வள்ளத்தை இழுத்துக் கட்டப் போகிறார்கள். பதினொன்றாம் எண்ணுக்குப் பொருள், புயல் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பது. தொடர்பு அறுந்ததைச் சொல்லவே ஒரு குறி வைத்திருக்கிற துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கா சுருக்கெழுத்து புரியாது?

மிஸ்டு காலை விட்டுவிட்டேனே. காசு பார்த்துப் பேசிய காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு ரிங் என்றால் படகு கரைக்கு வந்துவிட்டது, இரண்டு ரிங் என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பு. ஒரு எழுத்தும் இல்லை, ஒரு பைசாவும் இல்லை. இங்கிலீஷ்காரர்கள் சுருக்கியதற்கும் இடப் பற்றாக்குறை ஒரு காரணம்: ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து. தமிழில் அடித்தால் அது 70 ஆகிவிடும், அதிலும் மெய்க்குப் புள்ளி, உயிர்மெய்க்குக் கொம்பு, கால் என்று ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. நாம் தமிழில் அடிக்காமல் போனதற்கு இந்தக் கணக்குக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி.

உண்மையான சிக்கல் சுருக்கத்தில் இல்லை, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவதில் இருக்கிறது. வகுப்புக்கு வரும் ஒரு மதினியின் மகள் சென்னையில் நிறைமாதமாக இருந்தாள். ஒரு நாள் ராத்திரி அவளிடமிருந்து செய்தி. வி, ஏ, எல், ஐ, அப்புறம் 'இல்ல மா'. வலி இல்லையா, வழி இல்லையா? மதினி எழுத்துக் கூட்டி 'வழி இல்லம்மா' என்று படித்துவிட்டு, விடிய விடியக் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருந்தார். மருத்துவமனைக்குப் போக வண்டி கிடைக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டாராம். காலையில் போன் போட்டால், மகள் நிம்மதியாகத் தூங்கி எழுந்திருக்கிறாள்.

இதே கடற்கரையில், கீழக்கரையில், பெரியவர்கள் தமிழை அரபி எழுத்தில் எழுதினார்கள். அர்வி என்றும் அரபுத்தமிழ் என்றும் சொல்வோம். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் கூட்டிப் புது எழுத்து உண்டாக்கிக்கொண்டார்கள். வேற்று எழுத்தில் எழுதினாலும் படிக்கிறவர் தடுமாறக் கூடாது என்ற அக்கறை அது. போனில் அடிக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. ல, ள, ழ மூன்றும் ஒரே சட்டியில். சரி, அவர்களைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை, நானும் அப்படித்தான் அடிக்கிறேன்.

நான் சொல்லிக்கொடுத்த முதல் மாதம் படுதோல்வி. அட்டையில் நாற்பது சுருக்கம் எழுதி மாட்டினேன், எதிரே விரிவு, அதற்கு எதிரே தமிழ். இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள். அதற்குள் ஒருவருக்கு மகளின் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சம்பந்தியம்மா, ராமநாதபுரத்தில் புடவை எடுக்கிற நாள், யார் யார் வருவது, சாப்பாடு எங்கே என்று நீளமாக, மரியாதையாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். நம்மவர் புதிதாகப் படித்த படிப்பைக் காட்ட, பதிலுக்கு 'கே' என்ற ஒற்றை இங்கிலீஷ் எழுத்தைத் தட்டிவிட்டார். அந்த வீட்டுப் பையன், "இது மூஞ்சியில அடிக்கிற மாதிரிம்மா" என்று எடுத்துக்கொடுக்க, இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. தப்பு என்னுடையது என்று நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். காபி கொடுத்தார்கள், சர்க்கரை கொஞ்சம் குறைவு.

அன்றைக்கு அட்டையைக் கழற்றினேன். 'சரி' என்பதற்கு 'கே' என்று நான் எழுதியிருந்தது பொய்யில்லை. ஆனால் யார் யாருக்கு அனுப்பலாம் என்பது அதில் இல்லை. இப்போது வகுப்பில் ஒரே விதி: வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், எழுத வேண்டாம். பதில் உங்கள் குரலில் போகட்டும். கடல்பாசி எடுக்கப் போகும் மதினிமார்களுக்கு விரல்நுனி பாறையில் தேய்ந்து, துணி சுற்றிச் சுற்றிக் காய்த்துப் போயிருக்கிறது. திரை அந்தத் தொடுகையைச் சரியாக வாங்குவதே இல்லை. அவர்களை நாற்பது எழுத்து தட்டச் சொல்வது கொடுமை. குரல் செய்தியில் அவர்கள் ராணிகள். மரிக்கொழுந்து என்ன விலை போகிறது, கச்சான் காற்று எப்போது இறங்கும் என்று அவர்கள் பேசிக்கொள்வதில் பாதி எனக்குப் புரியாது, நிறுத்தி நிறுத்திக் கேட்பேன். அந்த மரிக்கொழுந்து பூ இல்லை, பாசி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்கள்தான்.

இப்போது அந்த ஓ.டி.பி. கேள்விக்கு வருகிறேன். நான் போய் உட்கார்ந்த பயிற்சி ஒன்றில் இரண்டு மணி நேரமும் பயமுறுத்தல்தான். அதைத் தொடாதே, இதை அமுக்காதே, பணம் போய்விடும். வெளியே வந்த பெண்கள் போனையே அணைத்து வைத்துவிட்டார்கள். பணம் போனால் 1930க்கு அடியுங்கள் என்பதை நானும் சொல்கிறேன், சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஏமாற்றுகிறவனுக்குக் கை கொடுப்பது நம் அறியாமை மட்டுமில்லை, கேட்கக் கூசுகிற கூச்சமும்தான். டி.சி. என்றால் என்ன என்று பெற்ற மகனிடம் கேட்கக் கூசியவர், 'இன்று ராத்திரிக்குள் கே.ஒய்.சி. முடிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும்' என்று வந்தால் யாரிடம் போய்க் கேட்பார்? சும்மா இருக்கிற சுருக்கத்தில் கேட்டுப் பழகினால்தான் ஆபத்தான சுருக்கத்திலும் வாய் வரும். அதனால்தான் விளையாட்டு வார்த்தைகளிலிருந்து தொடங்குகிறேன்.

மருமகள்மாருக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் ஒன்று. அவர்கள் கேட்கும்போது சிரிக்காதீர்கள். இங்கிலாந்துப் பிரதமராக இருந்த டேவிட் கேமரன், எல்.ஓ.எல். (வாய்விட்டுச் சிரிக்கிறேன்) என்றால் 'நிறைய அன்பு' என்று நினைத்துக்கொண்டு, ரெபேக்கா புரூக்ஸ் என்ற பத்திரிகை நிறுவனத் தலைமை நிர்வாகிக்கு அனுப்பும் செய்திகளில் அதைப் போட்டு வந்தாராம். 2012ல் விசாரணை ஆணையத்தில் அந்த அம்மாவே சொன்னது இது. இங்கிலீஷிலேயே பிறந்து வளர்ந்தவர். மண்டபத்து லாத்தா டி.சி.யில் தடுக்கியது பெரிய விஷயமா?

லாத்தா இப்போது வகுப்புக்கு வருகிறார். போன மாதம் குழுவில் ராத்திரி பத்து மணிக்கு அவர் குரல்: "ஏதோ கே.ஒய்.சி.ன்னு ஒரு லிங்க் வந்திருக்கு, இது மகன் அனுப்புற டி.சி. மாதிரியா, இல்ல வேற சாமானா?" நான் பார்ப்பதற்குள், பாசி எடுக்கும் மதினி ஒருவர் பதில் போட்டிருந்தார்: "வேற சாமான் லாத்தா, தொடாதீங்க."

போன ஞாயிறு ஒரு ஆச்சி பேரனை மாட்டிவிட்டார். எதைக் கேட்டாலும் கையை மேலும் கீழும் ஆட்டி, இங்கிலீஷில் 'ஆறு ஏழு' என்கிறானாம், அதற்கு என்ன அர்த்தம் என்றார். நானும் போனை எடுத்து வெகுநேரம் தேடினேன். டிக்ஷனரி.காம் 2025ன் வார்த்தையாகவே அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, ஆனால் இதுதான் பொருள் என்று ஒன்றும் கிடையாதாம். அதையே ஆச்சியிடம் சொன்னேன்.

"அர்த்தமே இல்லாததுக்கா இவ்வளவு நேரம் தேடுன?" என்றார். "சரி, எனக்கும் அந்தக் கை ஆட்டுறத சொல்லிக்குடு."