கடைசி ஆட்டத்தை மேடையில் காட்டாதீர்கள்

விளையாட்டை வைத்து நாடகம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறார்கள்: கடைசி ஆட்டம், கடைசி நொடி, கடைசிப் பந்து. 1930களின் அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தையும் பெண்கள் கூடைப்பந்தையும் சேர்த்து மேடையேற்றும்போது இந்த ஆசை இன்னும் கூடுதலாக வரும். வறண்ட ஊர், ஒட்டுப்போட்ட உடுப்பு, பழுப்பு விளக்கு, புழுதி. அப்புறம் ஒரு வெற்றி, ஊரே எழுந்து நின்று கைதட்டும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காலத்தின் கதை அது இல்லை என்பது என் கட்சி.

பெண்கள் ஜெயித்ததால் எந்த ஊரிலும் கோதுமை விலை ஏறவில்லை. 1933இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை கிடையாது. அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 4,000 வங்கிகள் படுத்தன. 1935 ஏப்ரல் 14ஆம் தேதி, ‘கருப்பு ஞாயிறு’ என்று சொல்வார்களே அன்று, ஒக்லஹோமா, டெக்சஸ் பக்கம் புழுதி எழும்பிப் பட்டப்பகல் இருட்டிப் போனது. இத்தனைக்கும் நடுவில் சின்னச் சின்ன ஊர்ப் பள்ளிகளில் பெண்கள் அணி இருந்தது. அது இருக்கலாமா கூடாதா என்று யார் யாரோ கூடி முடிவு செய்துகொண்டிருந்தார்கள். நாடகம் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது.

ஆள் யார் என்று பாருங்கள். 1923இல் தேசிய அமெச்சூர் தடகளக் கூட்டமைப்பில் பெண்களுக்கென்று ஒரு பிரிவு தொடங்கினார்கள். அதை முன்னின்று நடத்தியவர் லூ ஹென்றி ஹூவர். ஸ்டான்ஃபோர்டில் நிலவியல் படித்துப் பட்டம் வாங்கிய முதல் பெண். சாரணியர் இயக்கத்துக்குத் தலைமை வகித்தவர். வீட்டுக்குள் இருங்கள் என்று சொல்கிற ஆளே இல்லை. அப்படிப்பட்டவர் தலைமையில் இருந்த அமைப்புதான் பெண்களுக்கு மாநிலப் போட்டி வேண்டாம், கோப்பை வேண்டாம், டிக்கெட் போட்டு ஆட்டம் நடத்த வேண்டாம், வெளியூர்ப் பயணம் வேண்டாம் என்றது. அதற்குப் பதிலாக ‘விளையாட்டு நாள்’ நடத்தலாம். பல பள்ளிப் பெண்கள் ஒன்றுகூடி, அணிகளைக் கலந்து போட்டு, விளையாடி, சிற்றுண்டி சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். ஜெயிப்பு தோற்பு பெரிதில்லை.

1929இல் அவர் கணவர் ஹெர்பர்ட் ஹூவர் ஜனாதிபதி ஆனார். அதே ஆண்டு அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. வீடிழந்தவர்கள் தகரமும் அட்டையும் வைத்துக் கட்டிய குடிசைப் பகுதிகளுக்கு ஜனங்கள் வைத்த பெயர் ‘ஹூவர்வில்’. நாடகம் எழுதுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? கணவர் பெயரில் குடிசைகள், மனைவி பெயரில் பெண் பிள்ளைகளைப் பாதுகாக்கும் தீர்மானங்கள்.

ஆனால் ஒன்று. தயவுசெய்து அந்த அம்மாவை வில்லி ஆக்கிவிடாதீர்கள். அவர் பக்கத்து வாதங்களில் பாதிக்கு மேல் சரியானவை. கூட்டம் சேர்க்க அரைக்கால் உடுப்பு போட்டு ஆடவிடுகிறார்கள், வசூலுக்காக உடம்பு முடியாத பிள்ளையையும் களத்தில் இறக்குகிறார்கள், திறமையுள்ள ஐந்தாறு பேரை மட்டும் கவனித்துவிட்டு மற்ற பெண்களை வேடிக்கை பார்க்க வைக்கிறார்கள்: இதெல்லாம் கற்பனைப் பயம் இல்லை. இந்த வாதங்களை ஒரு நல்ல நடிகை வாயில் கொடுத்து முழு பலத்தோடு பேசவிட வேண்டும். கேட்கிறவர்கள் தலையாட்ட வேண்டும். ஆட்டினால்தான் அடுத்த காட்சி உறைக்கும்.

அடுத்த காட்சிக்கு என் தேர்வு அயோவா மாநிலம். அங்கே 1920லேயே பெண்களுக்கு மாநிலப் போட்டி தொடங்கிவிட்டது. 1925இல் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் அதைக் கைவிடத் தீர்மானித்தது. பெரும்பாலும் சிற்றூர்ப் பள்ளிகளை நடத்தியவர்கள் சிலர் அதை ஏற்காமல், பெண்களுக்கென்றே தனிச் சங்கம் தொடங்கினார்கள். நகரத்துப் பெரிய பள்ளிகள் ஒதுங்கிக்கொண்டன. பயிர்க்காட்டு ஊர்கள்தான் பிடித்த பிடியை விடவில்லை. எதிர்த்தவர்கள் படித்த நகரத்துப் பெண்கள், ஆதரித்தவர்கள் பெரும்பாலும் கிராமத்து ஆண்கள். இந்தக் குழப்பத்தை நேர்ப்படுத்தாமல் அப்படியே மேடைக்குக் கொண்டுவர ஒரு தைரியம் வேண்டும்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

அன்றைய பெண்கள் ஆட்டம் இன்று நாம் பார்ப்பது இல்லை. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அதை ஸ்மித் கல்லூரிப் பெண்களிடம் கொண்டுபோன சென்டா பெரென்சன் விதிகளைத் திருத்தினார். களம் மூன்று பகுதி. அவரவர் பகுதியை விட்டு நகரக் கூடாது. அடுத்தவர் கையிலிருந்து பந்தைப் பிடுங்கக் கூடாது. மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மூன்று தட்டுக்கு மேல் தட்டக் கூடாது. நரம்பு தளர்ந்துவிடும், நாகரிகம் கெட்டுவிடும் என்ற கவலைகளெல்லாம் சேர்ந்த விதிகள். பின்னால் அணிக்கு ஆறு பேர் என்று நிலைத்தது. 1938இல்தான் மூன்று பகுதி இரண்டாகக் குறைந்தது. அதற்கப்புறமும் தடுத்தாடும் ‘கார்டு’ கடைசிவரை கார்டுதான். எதிரணி கூடையைப் பார்த்து ஒரு பந்துகூட எறியாமல் பள்ளிப் படிப்பையே முடித்த பெண்கள் உண்டு. அயோவாவில் இந்த ஆறு பேர் ஆட்டம் 1993 வரை நீடித்தது.

இது மேடைக்குக் கிடைத்த வரம். யோசித்துப் பாருங்கள். பந்து அந்தக் கோடியில் இருக்கிறது. இந்தக் கோடியில் இரண்டு கார்டுகள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறார்கள். மூச்சு வாங்குகிறது. இடுப்பில் கை. கண் பந்தின் மேல். உதவிக்கு ஓட வழியில்லை, கோடு தடுக்கிறது. என்ன செய்வார்கள்? பேசுவார்கள். வங்கிக்காரர் வந்துபோனதைப் பற்றி, அப்பா கலிஃபோர்னியா போகலாம் என்று சொல்வதைப் பற்றி, அடுத்த வாரம் பள்ளிக்கு வருவேனா தெரியாது என்று. பேச்சு பாதியில் இருக்கும்போது பந்து திரும்பி வரும். ஓட வேண்டும். ஆட்டம் நின்றுவிட்டுப் பேச்சு, பேச்சு நின்றுவிட்டு ஆட்டம் என்று மாற்றி மாற்றிக் காட்டத் தேவையே இல்லை. விதிப் புத்தகமே காட்சியை அமைத்துக் கொடுக்கிறது. இதை விட்டுவிட்டு இன்றைய ஐவர் ஆட்டத்தை அவசரமாக நடனமாக்கி வைக்கிற இயக்குநர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல்.

பந்து நிஜமாக இருக்க வேண்டும் என்பதிலும் நான் பிடிவாதக்காரன். இல்லாத பந்தைக் கையால் தட்டி, ஒலிப்பெட்டியில் ‘டப் டப்’ என்று சத்தம் விடுவது எளிது. பார்வையாளர் பக்கம் உருண்டு வந்து விழாது, குறி தப்பாது. ஆனால் வறுமையைப் பற்றிய நாடகத்தில் பாதுகாப்பான பந்து எதற்கு? அந்தக் காலத் தோல் பந்தின் வாயைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். அந்தக் கட்டின் மேல் தரையில் விழுந்தால் கோணலாக எகிறும். அதைப் பிடிக்கிற கைக்கு ஒரு பதற்றம் வரும், அதை நடிக்க முடியாது. பத்தடி உயரத்தில் ஒரு வளையம் மாட்டுங்கள். பந்து விழுந்தால் ஒரு வசனம், விழாவிட்டால் இன்னொரு வசனம். நடிகைகள் இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளட்டும்.

கதை கடைசிப் பந்தை நம்பி இருந்தால் மட்டும் இது நடக்காது. பந்து விழுந்தே ஆக வேண்டும் என்று கதை கட்டாயப்படுத்தும்போது நிஜப் பந்தை மேடைக்குக் கொண்டுவர யாருக்கும் துணிச்சல் வராது. என் இரண்டு புகார்களும் உண்மையில் ஒன்றுதான்.

அப்படியானால் பெண்களுக்கு இந்த ஆட்டத்தால் என்ன கிடைத்தது என்று கேட்கலாம். சிலருக்கு வேலை கிடைத்தது. பேப் டிட்ரிக்சன் என்ற ஆட்டக்காரியை 1930இல் டாலஸில் ஒரு காப்பீட்டு நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஏட்டில் அவர் தட்டச்சு வேலைக்காரர். விளையாடச் சம்பளம் கொடுத்தால், காசுக்கு ஆடாதவர் என்ற அமெச்சூர் தகுதி போய்விடும், அதனால் இந்த ஏற்பாடு. 1931இல் அந்த நிறுவனத்தின் அணி தேசியச் சாம்பியன். 1932 ஒலிம்பிக்கில் தடகளத்தில் அவருக்கு இரண்டு தங்கம், ஒரு வெள்ளி. வேலை கிடைக்காத காலத்தில் ஒரு பெண்ணின் கைக்குச் சம்பளக் கவர் வந்தது பந்தாட்டத்தால் என்பதை மேடையில் காட்டினால், எந்தக் கோப்பையையும்விட அது கனமாக இருக்கும். அதே 1932இல்தான் பொருளாதாரச் சட்டத்தின் 213ஆம் பிரிவு வந்தது. ஆட்குறைப்பு வந்தால் கணவன் மனைவி இருவருமே மத்திய அரசு வேலையில் இருப்பவர்களை முதலில் கழிக்கச் சொல்லும் பிரிவு. வேலையை விட்டவர்கள் பெரும்பாலும் மனைவிமார்.

இன்னொரு பக்கம், 1936இல் மிசோரியில் தொடங்கிய ‘ஆல் அமெரிக்கன் ரெட் ஹெட்ஸ்’ என்ற பெண்கள் அணி. எல்லாருக்கும் செம்பட்டைத் தலைமுடி. இல்லாதவர்கள் சாயம் பூசிக்கொள்ள வேண்டும். ஊர் ஊராகப் போய் ஆண்கள் அணிகளோடு ஆண்கள் விதிப்படி மோதுவார்கள், நடுநடுவே கோமாளித்தனம். உதட்டுச் சாயம் கலையாமல் ஆண்களைத் தோற்கடித்தார்கள். ஹூவர் அம்மாள் பயந்தது இதைத்தான். அந்தப் பெண்கள் பிழைத்ததும் இதால்தான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல முடிகிற நாடகாசிரியர் யாராவது வந்தால் முதல் வரிசையில் உட்கார நான் தயார்.

வடிவத்துக்கும் வெகுதூரம் போக வேண்டாம். 1935இல் அரசே வேலையில்லாத நாடகக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்து ஃபெடரல் நாடகத் திட்டத்தைத் தொடங்கியது. தலைமை ஹாலி ஃபிளனகன், அவரும் அயோவாவில் வளர்ந்தவர்தான். நாளிதழ்ச் செய்திகளையும் புள்ளிவிவரங்களையும் சட்டப் பிரிவுகளையும் அப்படியே காட்சிகளாக்கும் ‘வாழும் நாளிதழ்’ நாடகங்களை அங்கே போட்டார்கள். 1939இல் நாடாளுமன்றம் நிதியை நிறுத்தி மூடிவிட்டது. தீர்மானங்களும் விதிப் புத்தகமும் சம்பளப் பட்டியலும் நிறைந்த இந்தக் கதைக்கு அதைவிடப் பொருத்தமான அச்சு எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு குறை. இந்தக் காலத்தைப் பற்றி நினைத்தால் உடனே புழுதிக் காட்டு வெள்ளைக்காரப் பெண்கள்தான் மனதில் வருகிறார்கள். வட கரோலினாவின் பென்னட் கல்லூரி என்ற கறுப்பினப் பெண்கள் கல்லூரியில் அப்போது பலமான அணி இருந்தது. 1934இல் அவர்கள் ஃபிலடெல்ஃபியா ட்ரிப்யூன் பத்திரிகையின் அணியோடு மோதினார்கள். எதிரணியில் ஓரா வாஷிங்டன். கறுப்பினத்தவர் நடத்திய தேசிய டென்னிஸில் எட்டு முறை ஒற்றையர் பட்டம் வென்றவர், கூடைப்பந்திலும் நட்சத்திரம், பிழைப்புக்கு அடுத்தவர் வீடுகளில் வேலை பார்த்தவர். கூடைப்பந்து புகழ்மண்டபத்தில் அவர் பெயர் ஏற 2018 ஆனது. அவரை நடுவில் வைத்து ஒரு நாடகம் எழுதட்டும். அதிலும் ஜெயித்த ஆட்டத்தைக் காட்ட வேண்டாம், அடுத்த நாள் காலை அவர் வேலைக்குப் போகும் வீட்டில் திரையைத் தூக்கலாம்.