பாம்பன் பக்கத்து அனுபவம்

வீட்டில் ஒருவர் இறந்ததும் முதலில் வங்கிக்குப் போகச் சொல்லும் ஒரு கட்டுரையைப் படித்தேன். ஆனால் இறப்புச் சான்றிதழ் இல்லாமல் வங்கியில் ஒன்றும் நடக்காது. எங்கள் அப்பா தங்கச்சிமடத்தில் வீட்டிலேயே இறந்தார். பதினாறு முடியட்டும் என்று நாங்கள் இருந்துவிட்டோம். 21 நாளுக்குள் இறப்பைப் பதிந்தால் கட்டணமே இல்லை, ஆனால் துக்க வீட்டில் அந்த நாட்கள் எப்படிப் போகின்றன என்றே தெரியாது. கிராமத்தில் வீட்டில் நடந்த இறப்பு என்றால் வி.ஏ.ஓ.விடம் (கிராம நிர்வாக அலுவலர்) போங்கள், கையோடு ஆதாரையும் கொண்டுபோய்ப் பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். அப்பாவுக்கு ஊர் கூப்பிட்ட பெயரைச் சொல்லிப் பதிந்துவிட்டு, அதைத் திருத்த அம்மா வெயிலில் அலைந்ததை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

அப்புறம் பாஸ்புக். உப்புக்காற்றில் தாளெல்லாம் ஒட்டிப்போயிருந்ததை மெதுவாகப் பிரித்துப் பார்த்தால், மே மாதக் கடைசியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் பிடித்திருந்தார்கள். 436 பிரதமரின் ஆயுள் காப்பீட்டுத் திட்டத்துக்கு, 20 விபத்துக் காப்பீட்டுத் திட்டத்துக்கு, ஒவ்வொன்றிலும் காப்பீடு 2 லட்சம். அம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இயற்கை மரணம் என்பதால் முதலாவது மட்டும் கிடைத்தது. தயவுசெய்து பார்த்துவிடுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் போதும்.

கடலுக்குப் போய் உடலே கிடைக்காத வீட்டின் நிலைமை வேறு. உடனே காவல் நிலையத்தில் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பொதுவாக 7 வருடம் தகவல் இல்லாமல் போனால்தான் இறந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், எப்போது காணாமல் போனார் என்பதற்கு அன்றைக்கு அந்தத் தாள்தான் சாட்சி.