மீனை எண்ணினால் மட்டும் போதுமா?

பவளப்பாறை அழிகிறது என்று பேச்சு வந்தால் கடல் சூடாகிறது, பவளம் வெளிறுகிறது என்பதோடு பெரும்பாலும் முடித்துக்கொள்கிறோம். அது உண்மைதான். ஆனால் வெளிறிச் செத்த பாறை மறுபடி உயிர் பிடிக்குமா என்பது அங்கே மேயும் மீன்களையும் பொறுத்தது. அந்த மீன்கள் ஒன்றை ஒன்று எவ்வளவு நம்பியிருக்கின்றன என்பதை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை, என் ஆதங்கம் அதுதான்.

பவளம் செத்த இடத்தில் முதலில் வந்து உட்காருவது பாசி. அது அடர்ந்துவிட்டால் பவளக் குஞ்சுகள் ஒட்டி வளர இடம் கிடைக்காது. கிளிமீன் மாதிரி பாசி தின்னும் மீன்கள் நாள் முழுக்கச் சுரண்டித் தின்பதால்தான் பாறை சுத்தமாக இருக்கிறது. ஜமைக்காவில் இந்த மீன்களைப் பல காலமாகப் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள், மிச்ச வேலையைக் கடல் முள்ளெலிகள் (sea urchin என்ற, உருண்டையாக முள் நிறைந்த கடலுயிர்கள்) பார்த்துக்கொண்டிருந்தன. 1980இல் பெரும் புயல் அடித்துப் பவளம் நொறுங்கியது. 1983இல் ஒரு நோய் வந்து முள்ளெலிகளும் செத்தன, பாசியைத் தின்ன ஆளில்லை. 1970களின் கடைசியில் பாறையில் பாதி அளவுக்கு இருந்த உயிருள்ள பவளம் 1990களின் தொடக்கத்தில் 5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது.

சரி, அப்படியானால் பாசி தின்னும் மீன் இத்தனை மிச்சம் இருந்தால் போதும் என்று ஒரு கணக்குப் போட்டுவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் தப்பு செய்கிறோம். மீனுக்குப் பயம் உண்டு. பாசி நிறைய இருக்கும் திறந்த வெளியில் ஒளிய இடம் கிடையாது, வேட்டை மீன் எந்தப் பக்கமிருந்தும் வரலாம். பிரெஞ்சு பாலினீசியாவின் மூரேயா தீவில் மைக்கேல் கில், ஆண்ட்ரூ ஹைன் என்ற ஆய்வாளர்கள் கடலடியில் கேமரா வைத்து இதைப் பார்த்து 2017இல் எழுதினார்கள். ஏற்கெனவே வேறு மீன்கள் மேய்ந்துகொண்டிருந்தால் இன்னொரு மீனும் துணிந்து வருகிறது, கூடுதல் நேரம் நிற்கிறது, கூடுதலாகத் தின்கிறது. துணைக்கு இருப்பது தன் இனமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, வேறு இனமானாலும் சரி. பக்கத்து மீன் அமைதியாக மேய்கிறது, அப்படியானால் ஆபத்து இல்லை. இதுதான் அதற்குக் கிடைக்கும் சேதி.

இதை யோசித்துப் பாருங்கள். நூறு மீனில் ஐம்பதைப் பிடித்துவிட்டால் பாசி தின்னும் வேலை பாதியாகக் குறைவதில்லை, அதைவிட அதிகமாகக் குறைகிறது, ஏனென்றால் மிச்சமிருக்கும் ஐம்பதும் துணையில்லாமல் பாறை இடுக்கிலேயே பதுங்கிக் கிடக்கும். மீன் இருக்கும், வேலை நடக்காது. அதே குழுவினர் 2020இல் இன்னொன்றையும் காட்டினார்கள்: எவ்வளவு பிடிக்கிறோம் என்பது மட்டுமல்ல, எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். மெதுவாகப் பிடித்தால் தாங்கக்கூடிய அளவையே அவசரமாகப் பிடித்தால் பாறை பாசிக்காடாகச் சரிந்துவிடலாம்.

ஓரா மீன்களில் சில இனங்கள் ஜோடியாகவே திரியும். ஒன்று தலையைப் பாறை இடுக்குக்குள் விட்டுப் பாசியைத் தின்னும்போது மற்றது நிமிர்ந்து நின்று காவல் காக்கும், அப்புறம் முறை மாறும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளப்பாறையில் இதைக் கவனித்து 2015இல் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் ஒன்று வலையில் போனால் மற்றதன் நிலைமை என்ன? அதை எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது.

துணை மட்டுமில்லை, வழியும் போகிறது. கரீபியன் கடலில் தொண்டைப் பல்லைத் தேய்த்து உறுமும் ‘கிரண்ட்’ என்ற மீன்கள் பகலில் பவளத்துக்கு மேல் கூட்டமாக நிற்கும், இருட்டியதும் கடற்புல் வெளிக்கு மேயப் போகும். திரும்பி வந்து அவை கழிக்கும் கழிவே பவளத்துக்கு உரம். கூட்டம் தங்கும் பவளம் மற்றதைவிட வேகமாக வளர்கிறது என்று 1983இலேயே எழுதிவிட்டார்கள். அடுத்த வருடம் வந்த சோதனை எனக்கு இன்னும் பிடித்தது: வேறிடத்து மீன்களைக் கொண்டுவந்து விட்டபோது, அவை அங்கே இருந்த மீன்களின் பின்னால் போய்ப் பாதையைக் கற்றுக்கொண்டன. பழைய மீன்களை அகற்றிய பிறகும் அதே வழியில் போய் வந்தன. பாதையை முன்னே போகும் மீன் காட்டித்தான் பின்னால் வருவது கற்கிறது.

அதனால்தான் எடையையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்து எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவு செய்வது தவறு என்கிறேன். பாசி தின்னும் மீன்கள் கூட்டமாக மேயும் இடங்களை மொத்தமாக மூடுங்கள். பிடிக்கும் வேகத்துக்கும் வரம்பு வையுங்கள். கடல் பிழைப்பை நம்பியிருப்பவர்களுக்கு இது கஷ்டம் என்பது புரியாமல் சொல்லவில்லை. அந்தக் கூட்டம் கலைந்தால் முதலில் பட்டினி கிடப்பதும் அவர்கள்தான்.

இது நடக்காத காரியமும் இல்லை. கரீபியன் கடலின் கேமன் தீவுகளில் நாசோ களவா மீன்கள் குளிர்கால முழுநிலவை ஒட்டி ஒரே இடத்தில் கூடி முட்டையிடும். லிட்டில் கேமனில் அந்த இடம் 2001இல் மீனவர்கள் கண்ணில் பட்டது, இரண்டே பருவத்தில் ஏறக்குறைய 4,000 மீன் போய்விட்டது. 2003இல் அங்கே பிடிக்கத் தடை போட்டார்கள். முதல் சில வருடம் பெரிதாக மாற்றமே தெரியவில்லை, ஆனாலும் தடையை விலக்கவில்லை. பதினைந்து வருடத்தில் அந்தக் கூட்டம் மூன்று மடங்குக்கு மேல் பெருகியது, இன்றும் நிலவு நிறையும்போது அதே இடத்துக்குத்தான் வருகின்றன.