ஆணையரோடு கட்டண விதிகளையும் சொல்லுங்கள்

முதியோர் நலன் பற்றி வெளிவந்த ஒரு கட்டுரை, பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில் 2008 முதல் முதியோரின் உரிமைகளைக் காக்கத் தனி ஆணையர் இருப்பதைப் பாராட்டுகிறது. சரி, ஆனால் குடும்பங்களை உண்மையில் தாங்கிப் பிடிப்பவை முதியோர் பராமரிப்புக்கான கட்டண விதிகள்தான். அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே! வீட்டுக்கே வந்து குளிப்பாட்டி, உடுத்திவிடும் பராமரிப்புக்கு வேல்ஸில் உள்ளூர் மன்றம் (நம் ஊர் நகராட்சி போன்றது) வாங்கக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. 2020-இல் அதை வாரத்துக்கு 100 பவுண்டு ஆக்கினார்கள். இங்கிலாந்தில் இப்படி ஒரு வார வரம்பே கிடையாது. வேல்ஸில் பராமரிப்பு இல்லத்தில் சேர்வோருக்கோ, 2019 முதல் சேமிப்பும் சொத்தும் 50,000 பவுண்டைத் தாண்டினால்தான் முழுச் செலவும் தலையில் விழும். இங்கிலாந்தில் 23,250-ஐத் தாண்டினாலே விழுந்துவிடும். அப்புறம் ஒன்று: இதெல்லாம் தானாக வராது. மன்றத்திடம் தேவை மதிப்பீடு, அதாவது என்னென்ன உதவி தேவை என்று பார்த்துச் சொல்லும்படி, கேட்க வேண்டும். அது இலவசம், வருமானம் எவ்வளவு என்று பார்த்து மறுக்க முடியாது. வயதான பெற்றோர் வேல்ஸில் இருந்தால் தள்ளிப்போடாமல் கேட்டுவிடுங்கள்.