எல்லாரும் இறங்கிடுவாங்களாம், கப்பல் நமக்குத்தானாம்!

கரீபியன் பக்கம் சுற்றுலாக் கப்பலில் போய் வந்த யாரிடமாவது யோசனை கேட்டுப் பாருங்கள். கப்பல்கள் வழக்கமாக நிற்கும் ஊர் நசா, பஹாமாஸ் தீவுகளின் தலைநகரம். "நசாவில இறங்காதீங்க. எல்லாரும் இறங்கிடுவாங்க, கப்பல் காலியா கிடக்கும், ராஜா மாதிரி இருக்கலாம்" என்று அடித்துச் சொல்வார்கள். நானும் அதை நம்பி இறங்காமல் கப்பலிலேயே தங்கினேன். இந்த யோசனையை முதன்முதலில் சொன்ன மகான் யார் என்று மட்டும் தெரிந்தால் போதும். நேரில் போய்க் கேட்க எனக்கு நாலு கேள்வி இருக்கிறது.

புளோரிடாவில் கிளம்பிப் புளோரிடாவுக்கே திரும்பும் கப்பல்கள் ஏன் திரும்பத் திரும்ப நசாவுக்கு வருகின்றன தெரியுமா? கடல் அழகு ஒரு பக்கம் இருக்கட்டும். அமெரிக்காவில் 1886-இல் போட்ட சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. வெளிநாட்டுக் கொடியோடு ஓடும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆள் ஏற்றி, சுற்றிக் காட்டி, அங்கேயே கொண்டுவந்து இறக்க வேண்டுமானால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட்டாக வேண்டும். சுற்றுலாக் கப்பல்களில் கிட்டத்தட்ட எல்லாமே வெளிநாட்டுக் கொடிதான். புளோரிடாவுக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பதோ பஹாமாஸ். ஆகவே அடிக்கடி கப்பலேறுகிற ஒவ்வொருவரும் நசாவைக் கரைத்துக் குடித்தவர்கள். ஸ்ட்ரா மார்க்கெட்டில் பேரம் பேசியாயிற்று, குயின்ஸ் ஸ்டேர்கேஸ் படிகளில் மூச்சு வாங்கியாயிற்று. அப்புறம் யார் இறங்குவார்கள்? எனக்கு வந்த அதே யோசனை கப்பலில் பாதிப் பேருக்கும் வந்திருக்கிறது. எல்லாரும் ராஜா மாதிரி இருக்கலாம் என்று மேல் தளத்துக்கு வந்துவிட்டார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. நிஜமாகவே இறங்கிப் போனவர்கள் செய்துவிட்டுப் போவதைத்தான் தாங்க முடியவில்லை. நீச்சல்குளத்தைச் சுற்றி வரிசை வரிசையாகச் சாய்வு நாற்காலி. ஒன்றில்கூட மனிதர் இல்லை. ஒவ்வொன்றிலும் கப்பலின் துண்டு ஒன்று விரித்து, காற்றில் பறக்காமல் பிளாஸ்டிக் கிளிப் மாட்டி, மேலே சான்று மாதிரி ஒரு பொருள்: ஒற்றைச் செருப்பு, பாதி தீர்ந்த சன்ஸ்கிரீன், ஒரு நாற்காலியில் வெறும் ஹேர் கிளிப். ஜன்னல் வழியே கர்சீப் போட்டு பஸ்ஸில் சீட் பிடிக்கிறவனாவது அதே பஸ்ஸில்தான் ஏறி உட்காருவான். இவர்கள் காலையில் துண்டை விரித்துவிட்டு, ஊருக்குள் போய், கடற்கரையில் புரண்டு, மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்து 'என் நாற்காலி' என்கிறார்கள்! அரை மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாத நாற்காலியில் துண்டை எடுத்துவிடுவோம் என்று பலகை இருக்கிறது. பலகை மட்டும்தான் இருக்கிறது. குளத்தருகே நின்ற பையனிடம் காட்டினேன். சிரித்தான். துண்டை எடுத்தால் எடுத்ததற்கு ஒருத்தர் கத்துவார், எடுக்காவிட்டால் என்னைப்போல ஒருத்தர் கத்துவார். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பலகை எழுதிய மேலதிகாரியைக் கூட்டி வந்து அந்த வெயிலில் நிறுத்த வேண்டும்.

சரி, அறைக்குப் போய்ப் படுக்கலாம் என்றால் ஆரம்பித்தது சங்கு. ஏழு குட்டை, ஒரு நெட்டை. பணியாளர்களுக்கான அவசரப் பயிற்சி. இதைக் கேலி செய்ய மாட்டேன். டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-இல் உருவான கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் வழியில் வந்த விதி. பயணிகள் கப்பல் என்றால் வாரம் ஒருமுறை செய்தே தீர வேண்டும். 2013-இல் கானரித் தீவுகளில் இப்படிப்பட்ட பயிற்சியின்போதே உயிர்காப்புப் படகு அறுந்து விழுந்து பணியாளர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். விளையாட்டில்லை. ஆனால் துறைமுக நாளில்தான், அதாவது கப்பல் கரையில் நிற்கிற நாளில்தான், இதைச் செய்வார்கள் என்பது கப்பல்காரர்களுக்கு அட்டவணை போடும்போதே தெரியும் அல்லவா? மறுநாள் நிகழ்ச்சிகளைச் சொல்லி முந்தின இரவு கொடுக்கும் தாளில் ஸ்பா தள்ளுபடிக்கு அரைப் பக்கம் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு, 'பத்து மணிக்குச் சங்கு ஊதும், தீத்தடுப்புக் கதவுகள் மூடியிருக்கும், லிஃப்ட் நிற்கும்' என்று ஒரு வரி போடக் கை வராதா? காப்பி வாங்கப் போன நான் இரண்டு தளங்களுக்கு நடுவில், படிக்கட்டில், ஆரஞ்சு மிதவைச் சட்டை போட்ட கூட்டத்தோடு கையில் கோப்பையை ஏந்தி நின்றேன். அவர்களுக்கும் நான் இடைஞ்சல்.

அப்புறம் சாப்பாடு. துறைமுக நாளில் பெரிய உணவுக்கூடத்துக்கு மத்தியானம் பூட்டு. பஃபே ஒன்று, பர்கர் சுடுகிற இடம் ஒன்று, கப்பலில் தங்கிய மொத்த ஜனமும் அந்த இரண்டில். வரியில்லாக் கடைகளும் சூதாட்டக் கூடமும் கரையில் நிற்கும்போது மூடியிருப்பது உள்ளூர்ச் சட்டம், சரி. பெரியவர்களுக்கான குளத்துக்கு வலை கட்டி, 'தண்ணீர் மாற்றுகிறோம்' என்றது எந்தச் சட்டம்? தளத்தின் ஓரத்தில் கம்பிக்குப் பெயின்ட், நடுவில் துரு சுரண்டும் மெஷின். அமைதி வேண்டுமாம், அமைதி!

பால்கனியில் உட்கார்ந்து கடலைப் பார்க்கலாமே என்பீர்கள். நசாவில் கப்பல்களைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டுவார்கள். என் பால்கனிக்கு எதிரே வந்து நின்றது இன்னொரு கப்பல். அதன் பால்கனியில் பனியனோடு ஒருத்தர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். கையசைத்தார். நானும் அசைத்தேன். வேறென்ன செய்ய? கடல் பார்க்கும் அறை என்று கூடுதலாகப் பணம் கட்டியது இதற்குத்தான்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் கண் அசந்தால் ஒலிபெருக்கி. திரும்பாதவர்களின் பெயரைக் கூப்பிடுகிறார்கள், ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப. ஊரைச் சுற்றிவிட்டு நேரத்துக்கு வராதவர் அவர். தூக்கம் கலைவது எங்கேயும் போகாமல் சமர்த்தாக இருந்த எனக்கு.

கீழே வரவேற்பு மேசைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், வருந்துகிறோம் என்றார், கணினியில் ஏதோ தட்டினார். பிறகு ஒரு சீட்டை நீட்டினார். ஸ்பாவில் தள்ளுபடி. துறைமுக நாளுக்கு மட்டும் செல்லும், ஐந்து மணிக்குள் வர வேண்டும். மணி அப்போது நாலே முக்கால்.