ஜெனரேட்டருக்குக் கம்பி அடித்து எர்த் கொடுத்தால் போதுமா?

மாரி தொடங்கினாலே திருகோணமலை வாட்ஸ்அப் குழுக்களில் இது சுற்றுகிறது: ஜெனரேட்டர் பொடியில் (வெளி உலோக உடம்பில்) இருந்து ஒரு வயரை எடுத்து மண்ணில் அடித்த இரும்புக் கம்பியில் கட்டுங்கள், ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை அமத்துங்கள், விழுந்தால் ஷொக் அடிக்காது. இது பிழை, தயவுசெய்து பகிராதீர்கள்.

ட்ரிப் சுவிட்ச் பார்ப்பது லைனில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் ஒன்றா என்பதை மட்டும்தான். வீடுகளில் வழக்கமாக 30 மில்லி அம்பியர் வித்தியாசத்துக்குள் அது விழ வேண்டும். ஆனால் சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் பொடியோடு இணைந்திருக்காது. அப்போது பிரிட்ஜ் உடம்பில் லைன் பட்டாலும் கசியும் கரண்ட் திரும்பிப்போக வழியில்லை, சுவிட்ச் விழாது, பழுது தெரியாமலே கிடக்கும். பிறகு நியூட்ரலும் எங்காவது மண்ணைத் தொட்டால் அந்த பிரிட்ஜைத் தொடுகிறவருக்கு உயிராபத்து. டெஸ்ட் பட்டனோ உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் வழியாகத்தான் வித்தியாசத்தை உண்டாக்குகிறது, அதனால் எர்த் இல்லாவிட்டாலும் விழும்.

சரி, நியூட்ரலை இணைத்தாச்சு, ட்ரிப் சுவிட்ச் இல்லை என்றால்? நிலாவெளி மணலில் அடித்த கம்பியின் தடை 100 ஓம், கசியும் கரண்ட் மண் வழியாக மட்டும்தான் திரும்புகிறது என்று வையுங்கள், 230 வோல்டுக்கு 2.3 அம்பியர்தான் ஓடும். 16 அம்பியர் பிரேக்கர் அசையாது, பிரிட்ஜ் உடம்பில் கரண்ட் அப்படியே இருக்கும்.

லைன், நியூட்ரல் இரண்டையும் மெயினில் இருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச், ஜெனரேட்டர் பக்கம் நியூட்ரல்-எர்த் இணைப்பு, அதற்குப் பிறகு ட்ரிப் சுவிட்ச்: இதை எலெக்ட்ரீஷியனே செய்யட்டும், சில இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்களுக்கு அந்த இணைப்பு ஒத்துவராது. ஜெனரேட்டரை வீட்டு பிளக் பொயின்ட்டில் செருக இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர் மட்டும் வேண்டவே வேண்டாம். மெயினை ஓஃப் பண்ண மறந்தால் கரண்ட் டிரான்ஸ்போமரில் ஏறி 11,000, 33,000 வோல்டாகி, லைன் திருத்துகிற ஆட்களைக் கொல்லும்.