மழைநாளில் விதையும் பழைய காசும்

இங்கிலாந்தில் நகராட்சியிடம் துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்துத் தோட்டம் போடுவோர், மழைநாட்களில் விதைப் பட்டியல்களைப் புரட்டுவதையும் பழைய நாணயங்களைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதையும் பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். அவர்களுக்குக் குளிர்காலம்தான் ஓய்வு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் எங்களுக்கோ கோடையில்தான் மழை கொட்டுகிறது. அந்தப் புழுக்கத்தில் விதைகள் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், புதிய விதை வாங்குவதற்கு முன் கையிலிருக்கும் அவரை, வெண்டை விதைகளில் பத்தை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு வாரத்தில் பாதிகூட முளைக்கவில்லையென்றால் அவற்றை நம்பிப் பாத்தி கட்ட வேண்டாம்.

நாணயங்களைத் தேய்ப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1961 பிப்ரவரி 14 அன்று ரேண்ட் என்ற புதிய பணம் வருவதற்கு முன் இங்கே புழங்கிய, கால் பென்னி மதிப்புள்ள ஃபார்த்திங் காசில் இரண்டு சிட்டுக்குருவிகள் இருக்கும், பென்னியில் பாய்மரக் கப்பல் இருக்கும். எங்கள் வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் இவற்றையும் புளி போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். அப்போது காலம் ஏற்றிய பழுப்பு நிறம் போய்விடுகிறது, குருவியின் இறகுக் கோடுகள் மழுங்குகின்றன, சேகரிப்பவர் தரும் விலையும் குறைந்துவிடுகிறது. மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தாலே போதும்.